மூணாம் செட்டின் நீலச் சட்டை

வசந்தாமணிக்குக் கை ஒடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை முட்டை எடுத்து முடிக்கப் போகிற நேரத்தில். தண்ணீர்க் குழாய் கசிந்து நடைபாதை ஈரமாகக் கிடந்தது. வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் பார்த்தது வண்டியில் அடுக்கியிருந்த முட்டை அட்டைகளைத்தான். ஒன்றுகூடச் சாயவில்லை என்று தெரிந்த பிறகுதான் "அய்யோ, எங்கை!" என்று கத்தினாள். அப்பேர்ப்பட்ட பொம்பளை அவள்.

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது தண்டாயுதபாணியின் கோழிப்பண்ணை. நீள நீளமாக ஐந்து செட்டுகள், கூண்டு வரிசைகள் நிற்கிற கொட்டகைகள். அதில் மூணாம் செட்டு பதினான்கு வருசமாக வசந்தாமணியும் அவள் புருசன் சின்னுசாமியும் பார்ப்பது. அங்கெல்லாம் வேலைக்கு ஆள் எடுப்பது ஜோடியாகத்தான். தீவனம், தண்ணீர், மோட்டார் எல்லாம் ஆம்பளை பாடு. முட்டை எடுப்பது பொம்பளை பாடு. குடியிருக்க பண்ணைக்குள்ளேயே வரிசை வீட்டில் ஒரு வீடு. ஜோடியில் ஒருத்தர் படுத்துவிட்டால் இன்னொருத்தரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு ஜோடி வரும். வந்த ஜோடிக்கு வீடு வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

முட்டை எடுப்பதில் என்ன இருக்கிறது, குனிந்து பொறுக்கினால் ஆயிற்று என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து எடுத்துப் பார்க்கட்டும். பத்தாயிரம் கோழி, நாளுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் முட்டை. வசந்தாமணி ஒரு கைக்கு நாலு முட்டை அள்ளுவாள். அள்ளிய கையை ஒரு திருப்புத் திருப்புவாள். நாலும் கூர் முனை கீழே வருகிற மாதிரி அட்டையில் போய் உட்காரும். அந்தத் திருப்புதான் வேலையே. அதை விரல் செய்வதில்லை, மணிக்கட்டு செய்கிறது. ஒடிந்ததும் அதுதான்.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். மூணாம் செட்டுக் கோழிகளுக்கு வேற்று ஆள் ஆகாது. மற்ற செட்டுகளில் யார் போனாலும் கொக்கரித்துவிட்டு அடங்கிவிடும். மூணாம் செட்டில் வசந்தாமணியும் சின்னுசாமியும் தவிர இன்னொருத்தர் தலை தெரிந்தால் போதும், கூண்டே பிய்ந்துவிடும் போல அடித்துக்கொள்ளும். "உங்க கோழிக்கு என்னக்கா இத்தனை திமிரு?" என்று மற்றப் பெண்கள் கேலி பண்ணுவார்கள். "திமிரு என்ன திமிரு. அதுக்கெல்லாம் எம்மூஞ்சி தெரியுமாக்கும்" என்பாள் வசந்தாமணி. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கலெக்டர் பரீட்சை பாஸான மாதிரி இருக்கும்.

முகமாவது ஒண்ணாவது! அவளுக்கே தெரியும். எட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு தீபாவளியன்று, சேலைக்கு மேல் போடுகிற நீலச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்ததால், புது அரக்குச் சேலையோடு அப்படியே செட்டுக்குள் போனாள். கோழிகள் அவளைப் பார்த்து அலறிய அலறலில் அன்று நூறு முட்டைக்கு மேல் உடைந்தது. வெளியே ஓடி வந்து, கொடியில் கிடந்த ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பப் போனாள். கப்சிப். அன்றிலிருந்து ஒரே நீலம்தான். சின்னுசாமி எப்போதும் போடுகிற காக்கிச் சட்டை கோழிகளுக்கு ஏற்கெனவே பழக்கம். சாயம் போனால் தேடிப் பிடித்து அதே நீலத்தில் இன்னொன்று. புதுக் கோழி இறக்கினாலும் முதல் நாளிலிருந்தே நீலத்தைக் காட்டிப் பழக்கிவிடுவாள். இதை அவள் புருசனிடம்கூடச் சொன்னதில்லை. பக்கத்திலேயே வேலை செய்கிற மனுசன், பொண்டாட்டி என்ன கலர் சட்டை போட்டிருக்கிறாள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். கோழிக்கு இருக்கிற கவனம்கூட அவருக்குக் கிடையாது. மூஞ்சி, மூஞ்சி என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளே அதைப் பாதிக்கு மேல் நம்பத் தொடங்கியிருந்தாள்.

அதனால் பதினான்கு வருசத்தில் அவள் ஒரு நாள் முழுசாக லீவு போட்டதில்லை. மகள் பிரீத்தியைத் திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்த அன்று, தாலி கட்டி முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறி வந்து சாயங்கால முட்டையை எடுத்தாள். சம்பந்தி வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்று வருசம் முன்னால் தம்மம்பட்டியில் அவள் அம்மா குப்பாயி படுத்த படுக்கையானபோது தம்பி ஆனந்தகுமார் மூன்று நாள் தொடர்ந்து போன் பண்ணினான். "அக்கா, அம்மா உன்னயேதான் கேக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போ." "கோழி வேத்தாளப் பாத்தா அலறும் சாமி. ஞாயித்துக்கிழம காத்தால முட்டைய எடுத்துப் போட்டுட்டு வாரேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை முட்டையை எடுத்து முடித்து, ராசிபுரத்தில் பஸ் மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உயிர் எட்டு மணிக்குப் போயிருந்தது. இந்தக் கதையை வசந்தாமணி தன் வாயாலேயே பண்ணைப் பெண்களிடம் சொல்வாள். "பெத்தவ செத்ததுக்கே நான் வேலைய முடிச்சுட்டுத்தான் போனேன்" என்று முடிப்பாள். கேட்பவர்கள் "உன்னாட்டம் வருமாக்கா" என்பார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் போடுமுன் நர்சம்மா சட்டைக் கையைக் கத்தரிக்க வந்தாள். வசந்தாமணி விடவில்லை. வலியில் கண்ணீர் வழிய வழிய, சட்டையை முழுசாக உருவி எடுத்து மஞ்சப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். சின்னுசாமி சீட்டு வாங்கும் இடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் இதைப் பார்க்கவில்லை.

"ஆறு வாரம் கட்டு. கட்டுப் பிரிச்சப்புறம் ஒரு மாசம் பயிற்சி. மொத்தத்துல ரெண்டரை மாசம் அந்தக் கையில வெயிட்டே எடுக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டர்.

"ரெண்டரை மாசங்களா?" என்றாள் வசந்தாமணி. "ஏனுங் டாக்டர், எடது கையில எடுத்துக்கலாமுங்களா?"

"எடது கை ஒடிஞ்சா அப்புறம் என்னத்துல எடுப்பீங்க?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பண்ணைக்குத் திரும்பியதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இந்த மாவை உடைத்துப் போட்டுவிட்டு முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் வைத்து நாட்டுக் கட்டுக் கட்டினால் இருபது நாளில் கூடிவிடும் என்றாள் ஒருத்தி. "முட்டை எடுத்து ஒடிஞ்ச கைக்கு முட்டையிலயே கட்டா? போங்கடி" என்று வசந்தாமணி சிரித்தாள். சிரிப்பு அத்தோடு சரி. சாயங்காலம் தண்டாயுதபாணி வந்தார். நல்ல மனுசன்தான், குற்றம் சொல்ல முடியாது. கையை விசாரித்தார், வாசலிலேயே நின்று பேசினார்.

"ஊடு எங்கயும் போயிறாது, கையப் பாத்துக்க. ஆனாக் கோழி நிக்குமா? நாளைக்கிருந்து சின்னான் சம்சாரம் அமுதவல்லி வரட்டும். சின்னானும் லாரியில போயிப் போயி அலுத்துட்டான். ரெண்டு பேரும் ஒரு செட்டு கேட்டுட்டேதான் இருக்கறாங்க. பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' வசந்தாமணியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. சின்னான் முட்டை லாரி டிரைவர். அமுதவல்லிக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை, கை வேகம். ரெண்டும் நல்ல ஜோடி. ரெண்டரை மாசம் ஒரு செட்டில் கை பழகிவிட்டால் அப்புறம் யார் எழுப்புவார்கள்?

அமுதவல்லி மறுநாள் காலையில் நேராக இவள் வீட்டுக்குத்தான் வந்தாள். "அக்கா, உங்க கோழி ரொம்ப மிரளும்ங்கறாங்க. எப்படிப் பாத்துப் போகோணும், சொல்லுங்கக்கா. அப்புறம் நீங்க மேல போடற சட்டை இருந்தாக் குடுங்க. சேலையெல்லாம் எச்சம் ஒட்டும்."

சட்டை உள்ளே டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. வசந்தாமணி வாசற்படியை விட்டு நகரவில்லை.

"சட்டையா? ஆஸ்பத்திரியில கத்திரிச்சு வீசிட்டாங்க அம்மிணி. கோழிக்கு என்னத்தச் சொல்றது? அதுக்கெல்லாம் எம்மூஞ்சிதான் தெரியும். போகப் போகப் பழகிரும்."

அமுதவல்லி போய் சின்னானின் மஞ்சள் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து உள்ளே நுழைந்தாள். பத்தாயிரம் கோழியும் ஒரே குரலில் கத்தியது. வரிசை வீட்டில் உட்கார்ந்திருந்த வசந்தாமணிக்கு அது கேட்டது. உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. நானில்லாமல் ஆகாது பார்த்தாயா என்று வெற்றுச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

வேலை இல்லாத நாள் எத்தனை நீளம் என்று அவளுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. காலை எட்டு மணிக்கே ஒரு நாள் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. இடது கையால் சோறு அள்ளினால் பாதி மடியில். ஜாக்கெட் ஊக்குப் போட முடியாது, கொண்டை போட முடியாது. சின்னுசாமிதான் காலையில் செட்டுக்குப் போகுமுன் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருசத்தில் இல்லாத கூத்து. லாரிக்குத் தார்ப்பாய்க் கயிறு முறுக்குகிற மாதிரி அவர் பின்னுவார். அவள் "ஏனுங், தலை மனுசத் தலைங்க" என்று கத்துவாள். அதுவும் ஒரு சந்தோஷமாகத்தான் இருந்தது. மற்ற நேரமெல்லாம் காது மட்டும் செட்டிலேயே கிடந்தது. காலையில் ஒரு அலறல், சாயங்காலம் ஒரு அலறல். நாலாம் நாள் அந்த அலறல் அவளுக்கு இனிக்கவில்லை.

தினமும் நானூறு ஐந்நூறு முட்டை கீறலும் உடைசலுமாக வந்தது. ஓடு பிடிக்காத தோல் முட்டை விழ ஆரம்பித்தது. நூறு கோழிக்குத் தொண்ணூற்று மூன்று முட்டை என்று நின்ற செட்டு எட்டு நாளில் எண்பத்தைந்துக்கு இறங்கியது. கூண்டுக் கம்பியில் கழுத்து மாட்டிப் பதினோரு கோழி செத்தது. தண்டாயுதபாணி நோய்தான் வந்துவிட்டது என்று பயந்து கோழி டாக்டரை அழைத்து வந்தார். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள், தண்ணீரில் மருந்து கலந்தார்கள். நோய் ஒன்றுமில்லை என்று வந்தது. நோய் இல்லையென்றால் ஆள் மேல்தானே சந்தேகம் போகும்? அமுதவல்லி புதுசு, அவளை என்ன சொல்வது. சின்னுசாமியை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "தண்ணியில என்னத்தக் கலக்கற? குழாய் கழுவறயா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். பதினான்கு வருசத்தில் அந்த மனுசனை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் காலையும் சின்னுசாமி தலை வார உட்கார்ந்தார். சீப்பு ரெண்டு தரம் கீழே விழுந்தது.

"ஏம்புள்ள," என்றார். "குழாய் மொத்தத்தையும் கழட்டி மூணு தடவ கழுவிட்டேன். தீவனத்தையும் பாத்துட்டேன். நாந்தான் எங்கியோ தப்புப் பண்றனாட்டம் இருக்குது. வயசாயிப் போச்சுதோ என்னமோ."

பாவி, இந்த மனுசனையுமா இழுத்து விட்டேன் என்று வசந்தாமணி தன்னையே திட்டிக்கொண்டாள். பாதி பின்னிய தலையோடு எழுந்து, டிரங்குப் பெட்டியை இடது கையால் திறந்து, சட்டையை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. கோழிக்கு வேண்டியது இந்தச் சட்டை. நாந்தான் ஒளிச்சு வெச்சேன்."

சின்னுசாமி சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிடிபட்டதும் திட்டுவார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சட்டையை எடுத்து உதறினார், செருப்பை மாட்டினார், நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

அமுதவல்லி செட்டு வாசலில் அட்டைகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது, தினமும் அழுகிறாள் போலிருக்கிறது. "அந்த மஞ்சளக் கழட்டிட்டு இதப் போட்டுக்கிட்டு உள்ள போ சாமி" என்றாள் வசந்தாமணி. ஏன் என்றுகூடக் கேட்காமல் அவள் போட்டுக்கொண்டாள். தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் ரெண்டு கூண்டு கொக்கரித்தது. அப்புறம் ஒன்றுமில்லை. எப்போதும் போல முனகலும் தீவனம் கொத்துகிற சத்தமும்தான். அமுதவல்லி நடந்தாள், குனிந்தாள், முட்டையை அள்ளினாள். கோழிகள் அவள் கைக்குப் பக்கத்திலேயே தலையை நீட்டித் தின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூட அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாசலிலேயே நிற்க வசந்தாமணிக்கு மனசு வரவில்லை. நாலு மாசமாக, குஞ்சிலிருந்து கூண்டுக்கு ஏற்றிய நாள் தொட்டுத் தான் பார்த்து வளர்த்த கோழிகள். ஒரு தரம் என்னைப் பார்க்கட்டும் என்று தன்னை மறந்து உள்ளே போனாள். அரக்குச் சேலை, கழுத்திலிருந்து தொங்கிய தூளி, அதில் வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு. முன் வரிசை மொத்தமும் எகிறிக் கத்தியது. இறகு பறந்தது. இந்தக் கோடியில் தொடங்கிய அலறல் அந்தக் கோடி வரைக்கும் ஓடியது.

அமுதவல்லி பதறித் திரும்பினாள். "அக்கா, நீங்க வெளிய நில்லுங்கக்கா! உங்களப் பாத்துத்தான் பயப்படுது!"

அவள் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வசந்தாமணி வெளியே வந்து, கிணற்று மேட்டில் உட்கார்ந்து, அன்று வெகு நேரம் அழுதாள்.

தண்டாயுதபாணியிடம் அவளே தனியாகப் போய்ச் சொன்னாள். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சரி என்று துணிந்துதான் போனாள். அவர் முதலில் நம்பவில்லை. அப்புறம் கோபப்பட்டார். பிறகு எண்பத்தைந்தில் இருந்து எழுபதுக்கு இறங்காமல் தப்பித்தோமே என்று பெருமூச்சு விட்டார்.

"இத்தனை வருசமா ஏன் இதச் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே, மொதலாளி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு ஆளைத் துரத்துவது கஷ்டம். "உங்கள அனுப்பிட்டு அந்தக் கோழிகிட்ட நான் மாரடிக்கவா? சின்னான் லாரியிலயே இருக்கட்டும். அமுதவல்லி மாத்து ஆளு. செட்டு உங்களுதுதான்" என்றார். அதோடு நிற்காமல், அதே நீலத்தில் இன்னும் ரெண்டு சட்டை தைத்து மூணாம் செட்டு வாசலில் மாட்டச் சொன்னார். யாருக்கு முடியவில்லை என்றாலும் இன்னொருத்தர் எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போகலாம்.

கட்டுப் பிரித்தபோது கை குச்சியாக இருந்தது. தோல் உரிந்தது. பயிற்சிக்கு என்று டாக்டர் ரப்பர் பந்து கொடுத்துப் பிசையச் சொன்னார், வெந்நீரில் முக்கி எடுக்கச் சொன்னார். ஒரு மாசம் அதையும் செய்தாள். ரெண்டரை மாசம் முடிந்து மூணாம் செட்டுக்கு அவள் திரும்பிய அன்று, அள்ளியது ஒரு கைக்கு ரெண்டு முட்டைதான். மணிக்கட்டு பாதிக்கு மேல் திரும்பவில்லை. நாலைந்து மாசத்தில் வரலாம், இப்படியே நின்றாலும் நிற்கலாம் என்றிருந்தார் டாக்டர். எதிர் வரிசையில் அமுதவல்லி நாலு நாலாக எடுத்துக்கொண்டு போனாள். ரெண்டு பேர் மேலும் நீலம். கோழிகள் பாட்டுக்குத் தின்றன.

முட்டை எடுத்து முடித்து வாசலுக்கு வந்தார்கள். அமுதவல்லி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். சின்னுசாமி மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஏம்புள்ள, இனித்தான் ஆளு இருக்குதே. நாளைக்கு ஒரு நாள் லீவு சொல்லிட்டு எங்கியாச்சும் போயிட்டு வரலாமா? பிரீத்தி ஊட்டுக்குப் போலாம். இல்லாட்டி தம்மம்பட்டிக்கு, உன் தம்பியப் பாக்க."

தம்மம்பட்டி என்றதும் வசந்தாமணி ஆணியை நிமிர்ந்து பார்த்தாள். மாட்டியிருந்த ரெண்டு நீலச் சட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மூன்றாவது அவள் மேல் இருந்தது. அதன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே அட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா மூணு நாளு கேட்டுச்சுங்க" என்றாள். "இந்தச் சட்டைய யாருகிட்டயாச்சும் கழட்டிக் குடுத்துட்டுப் போயிருந்தா, போயிருக்கலாம்."

சின்னுசாமி பக்கத்தில் வந்து குந்தினார். "வுடு புள்ள. அப்ப உனக்கு அது தெரியாதே."

வசந்தாமணி சரியாகத் திரும்பாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுமுங்க" என்றாள். "எனக்கு அப்பவே தெரியும்."

மறுநாள் காலை ரெண்டு பேரும் தம்மம்பட்டி போக ராசிபுரம் பஸ்ஸில் ஏறினார்கள்.